நின்று பிடிக்கும் கார் வேக்ஸ் எது? செங்கோட்டை ஷெட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செங்கோட்டையிலிருந்து புளியரை போகிற சாலையில் கார் கழுவி பாலிஷ் போடும் ஷெட் வைத்திருக்கிறேன். வருகிற வண்டிகளில் பாதி டிஎன் 76, மீதி கேஎல் 25-ம் கேஎல் 02-ம். 1956 நவம்பர் 1 வரைக்கும் இந்த ஊர் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. அதனால் மலைக்கு இரண்டு பக்கமும் சொந்தபந்தம் உள்ள குடும்பங்கள் நிறைய. அவர்களுடைய வண்டிகள் வாரம் தவறாமல் ஆரியங்காவு வழியாக ஏறி இறங்குகின்றன.

எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: "அண்ணாச்சி, எந்த வேக்ஸ் போட்டா ரொம்ப நாள் நிக்கும்?" நின்றுகொண்டே இரண்டு வார்த்தையில் பதில் சொன்னால் பாதிதான் போய்ச் சேருகிறது. அதனால் இங்கே உட்கார்ந்து எழுதுகிறேன்.

சுற்றி வளைக்காம சொல்லுங்க. நம்ம ஊருக்கு எந்த வேக்ஸ்?

செயற்கை பாலிமர் கலந்த பேஸ்ட் வேக்ஸ். கடையில் "சீலன்ட்" அல்லது "சிந்தெடிக் வேக்ஸ்" என்று கேளுங்கள். வருடத்துக்கு இரண்டு முறை போட வேண்டும். மே கடைசியில், சாரல் தொடங்கும் முன் ஒரு முறை. செப்டம்பர் கடைசியில், ஆயுத பூஜைக்கும் ஐப்பசி மழைக்கும் முன் இன்னொரு முறை.

இந்த இரண்டு தேதிகளை நான் டப்பாவைப் பார்த்துச் சொல்லவில்லை, வானத்தைப் பார்த்துச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் பெரும்பாலான ஊர்களுக்கு ஒரு மழைக்காலம்தான் பெரிது. நமக்கு இரண்டு. ஜூன் பிறந்தால் ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்றும் சாரலும் வரும், ஆகஸ்ட் வரை விட்டுவிட்டுத் தூறும். அக்டோபரில் வடகிழக்கு மழை. நடுவில் பங்குனி, சித்திரை வெயில். இத்தனையையும் ஒரே பூச்சு தாங்க வேண்டும் என்று எதிர்பார்த்தால் எந்த டப்பாவும் தோற்றுப்போகும்.

வேக்ஸ், பாலிஷ், காம்பவுண்ட் எல்லாம் ஒண்ணுதானே?

மூன்றும் வேறு வேறு. நம் பக்கத்தில் மூன்றையும் "பாலிஷ்" என்றே சொல்லிப் பழகிவிட்டோம். வாடிக்கையாளருக்கும் கடைக்காரருக்கும் வரும் சண்டையில் பாதி இங்கேதான் தொடங்குகிறது.

காம்பவுண்டும் பாலிஷும் தேய்க்கிற பொருட்கள். அவற்றில் மிக நுண்ணிய அரைப்பொடி இருக்கும். பெயிண்டின் மேல்தோலைக் கொஞ்சம் சீவி எடுத்து, கீறலை மறைத்துப் பளபளப்பைக் கொண்டுவரும். காம்பவுண்டில் பொடி கொஞ்சம் முரடு, பாலிஷில் மென்மை. வேக்ஸ் எதையும் சீவாது. மேலே ஒரு மெல்லிய படலமாக உட்கார்ந்து தண்ணீர், தூசி, எச்சம் ஆகியவை நேரடியாகப் பெயிண்டைத் தொடாமல் பார்த்துக்கொள்ளும்.

ஏன் இதை அழுத்திச் சொல்கிறேன் என்றால், இன்றைய கார் பெயிண்டில் நிறத்துக்கு மேலே கிளியர் கோட் என்ற கண்ணாடி போன்ற அடுக்கு இருக்கிறது. அதன் தடிமன் பொதுவாக 35 முதல் 50 மைக்ரான் வரைதான். தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான். வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் சரக்கு அந்த அடுக்கில்தான் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை "ரப்பிங் பாலிஷ்" போட்டால் அந்த அடுக்கு கரைந்துகொண்டே வரும். கடைசியில் ரூஃபிலும் பானெட்டிலும் தோல் உரிந்த மாதிரி வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழும். அதற்குப் பிறகு மறுபடி பெயிண்ட் அடிப்பதுதான் வழி.

எனவே பாலிஷைத் தேவைப்படும்போது மட்டும் போடுங்கள், வேக்ஸைத் தவறாமல் போடுங்கள்.

கார்னாபா வேக்ஸ்தான் ஒசத்தின்னு சொல்றாங்களே?

கார்னாபா பனை இனத்தைச் சேர்ந்த மரம். பிரேசிலின் வடகிழக்கில், வறண்ட சீமையில் வளர்கிறது. ஓலையிலுள்ள ஈரம் வெயிலில் ஆவியாகிப் போய்விடாமல் இருக்க அந்த மரமே ஓலையின் மேல் ஒரு மெழுகைப் பூசிக்கொள்கிறது. ஓலையை வெட்டிக் காயப்போட்டு, அடித்து உதிர்த்து அந்த மெழுகை எடுக்கிறார்கள். பனையோடு வாழ்ந்த நமக்கு இது எளிதில் புரியும்.

இயற்கை மெழுகுகளில் கடினமானது அதுதான். உருகுநிலை 82 முதல் 86 டிகிரி செல்சியஸ். தேன்மெழுகு 62, 64 டிகிரியிலேயே உருகிவிடும். கறுப்பு, அடர் சிவப்பு வண்டிகளில் கார்னாபா கொடுக்கும் ஆழமான மினுமினுப்பு தனி. எண்ணெய் தேய்த்துக் குளித்த உடம்பு மாதிரி இருக்கும். கல்யாண வண்டி, விற்பனைக்கு நிறுத்தும் வண்டி என்றால் நானே அதைத்தான் எடுப்பேன்.

நீண்ட நாள் என்று வந்தால் கதை மாறுகிறது. சுத்தக் கார்னாபா கல் மாதிரி இருக்கும், அப்படியே பூச முடியாது. கரைப்பானும் எண்ணெயும் மற்ற மெழுகும் சேர்த்து இளக்கித்தான் டப்பாவில் அடைக்கிறார்கள். இளக்கிய பிறகு அந்த 82 டிகிரி தாங்குதிறன் அப்படியே இருக்காது. சித்திரை மத்தியானம் வெயிலில் நிற்கும் கறுப்பு வண்டியின் ரூஃப் 70 டிகிரியைத் தாண்டும். கார்னாபா பேஸ்ட் பொதுவாக ஒன்றிலிருந்து இரண்டு மாதம். சாரலில் தினமும் மலை ஏறுகிற வண்டிக்கு ஒரு மாதம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மாதாமாதம் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து போடப் பிடிக்கும் என்றால் நல்லது. முடியாது என்றால் வேறு வழி பாருங்கள்.

சீலன்ட், ஹைப்ரிட் ஸ்பிரே, செராமிக்: இதுல என்ன வித்தியாசம்?

சீலன்ட் என்பது ஆலையில் செய்த பாலிமர். பெயிண்டின் மேல் கார்னாபாவைவிடக் கெட்டியாகப் பற்றும். ஷாம்புக்கும் வெயிலுக்கும் சீக்கிரம் மசியாது. ஒழுங்காகப் போட்டால் நான்கிலிருந்து ஆறு மாதம்.

ஹைப்ரிட் ஸ்பிரே என்றால் பாலிமரோடு சிலிக்கா கலந்தது. தெளித்துத் துடைத்தால் முடிந்தது. இரண்டு மூன்று மாதம் எதிர்பார்க்கலாம். பேஸ்ட் போட்ட வண்டிக்கு இடையிடையே ஊட்டம் கொடுக்க இது மிக நல்ல துணை.

செராமிக் கோட்டிங் பெயிண்டோடு ஒட்டி இறுகிவிடும். கழுவினால் போகாது, பாலிஷ் போட்டுத்தான் எடுக்க வேண்டும். வருடக்கணக்கில் நிற்கும். ஆனால் போடும் முன் செய்ய வேண்டிய வேலை அதிகம், செலவும் அதிகம். தவறாகப் போட்டால் திட்டுத் திட்டாகக் காய்ந்து அப்படியே நின்றுவிடும். முதல் முறை கையில் எடுப்பவர்கள் வீட்டு முற்றத்தில் போட வேண்டாம்.

டப்பாவுல 12 மாசம்னு போட்டிருக்கே, நம்பலாமா?

அந்தக் கணக்கில் பொய் இல்லாமலும் இருக்கலாம். எந்த வண்டிக்கு என்பதுதான் விஷயம். கூரைக்குள் நிற்கிற, பத்து நாளைக்கு ஒரு தடவை நல்ல ஷாம்புவில் கழுவுகிற வண்டிக்கு அது பலிக்கலாம். நம் வண்டிகள் தேசிய நெடுஞ்சாலை 744-இல், எம்-சாண்டும் ஜல்லியும் ஏற்றிய லாரிகளுக்குப் பின்னால், புளியரை எஸ் வளைவில் முதல் கியரில் ஊர்ந்துகொண்டு போகின்றன. அந்தக் கல்பொடி மேலே படிகிறது, அதன் மேல் சாரல் விழுகிறது, பிறகு காற்றில் காய்கிறது. மறுநாள் காலையில் யாராவது அதன் மேல் துணியை வைத்து இழுக்கிறார்கள்.

வேக்ஸின் ஆயுளைத் தின்பது மழையைவிட அந்தத் துணிதான். இதை என் சொந்த வண்டியில் பார்த்தேன். பானெட்டின் நடுவே மாஸ்கிங் டேப் ஒட்டி, இரண்டு பக்கமும் ஒரே சீலன்ட் போட்டேன். ஒரு பக்கத்தைத் தண்ணீர் ஊற்றி ஷாம்புவில் மட்டும் கழுவினேன். இன்னொரு பக்கத்தை எல்லாரும் செய்கிற மாதிரி தினம் காலையில் ஈரத்துணியால் துடைத்தேன். சாரல் முடியும்போது கழுவிய பக்கத்தில் தண்ணீர் முத்து முத்தாக உருண்டது. துடைத்த பக்கத்தில் தட்டையாகப் பரவி நின்றது, வெயிலில் பார்த்தால் சிலந்திவலை மாதிரி வட்ட வட்டமாகக் கீறல். அன்றிலிருந்து "எந்த வேக்ஸ்" என்று கேட்பவரிடம் "எப்படித் துடைக்கிறீங்க" என்றுதான் முதலில் கேட்கிறேன்.

டப்பாவில் போட்டிருக்கும் மாதத்தைப் பாதியாக்கிக்கொள்ளுங்கள். 12 என்றால் 6. வருடத்துக்கு இரண்டு முறை என்று நான் சொன்ன கணக்கோடும் அது ஏறக்குறைய ஒத்துப்போகிறது.

பேர் சொல்லுங்க அண்ணாச்சி. எதை வாங்க?

நீண்ட நாள் நிற்பதில் பேர்போனவை என்று நான் தயங்காமல் சொல்வது இரண்டு. ஒன்று அமெரிக்காவின் கொலினைட் 476எஸ் பேஸ்ட். இன்னொன்று ஜப்பானின் சாஃப்ட்99 ஃபுஸ்ஸோ கோட். "ஃபுஸ்ஸோ" என்றால் ஜப்பானிய மொழியில் ஃப்ளூரின். அதில் வெளிர் நிற வண்டிக்கு ஒன்று, அடர் நிற வண்டிக்கு ஒன்று எனத் தனித்தனி டப்பா உண்டு. வெள்ளை வண்டிக்காரர் அடர் நிற டப்பாவை வாங்கி வந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன், கவனித்து வாங்குங்கள்.

கொலினைட்டிலேயே 845 என்ற திரவ வேக்ஸ் இருக்கிறது. அதில் கார்னாபாவும் உண்டு, போடவும் எளிது. நிற்கும் காலம் 476எஸ்ஸைவிடக் கொஞ்சம் குறைவு, மினுமினுப்பு கொஞ்சம் அதிகம். புதிதாகத் தொடங்குபவருக்கு இதைத்தான் கொடுப்பேன். புட்டியை நன்றாகக் குலுக்கிவிட்டு ஊற்றுங்கள்.

மற்றபடி மெகுயர்ஸ், 3எம், டர்ட்டில் வேக்ஸ் ஆகியவற்றின் சிந்தெடிக் வகைகள் எல்லா ஊரிலும் கிடைக்கும். "கிளீனர் வேக்ஸ்" என்று போட்டிருந்தால் அதில் தேய்க்கும் பொடியும் கலந்திருக்கும். பழைய வண்டிக்கு ஒரு தடவைக்கு நல்லது, வழக்கமாகப் போட ஏற்றதில்லை.

இறக்குமதிச் சரக்கு என்றால் இறக்குமதியாளர் பெயர், முகவரி, அதிகபட்ச விலை அச்சிட்ட ஒட்டு டப்பாவில் இருக்கிறதா என்று பாருங்கள். நம் நாட்டுச் சட்டப்படி அது இருந்தாக வேண்டும். இல்லாத டப்பாவை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

போடுற முறை என்ன? வீட்டிலேயே போடலாமா?

தாராளமாகப் போடலாம். அரை நாள் ஒதுக்குங்கள். வேக்ஸ் எத்தனை மாதம் நிற்கும் என்பதைப் போடுவதற்கு முன் செய்யும் வேலைதான் முடிவு செய்கிறது.

முதலில் கழுவுதல். நிழலில், என்ஜின் ஆறிய பிறகு. வெறும் தண்ணீரைப் பாய்ச்சி மண்ணை இறக்கிவிட்டு, பிறகுதான் ஷாம்பு. இரண்டு பக்கெட் வையுங்கள். ஒன்றில் ஷாம்பு, ஒன்றில் நல்ல தண்ணீர். ஒவ்வொரு பாகம் முடிந்ததும் கையுறைத் துணியை நல்ல தண்ணீரில் அலசிவிட்டு மறுபடி ஷாம்புவில் தோயுங்கள். ரூஃபிலிருந்து கீழே வாருங்கள், சக்கரம் கடைசி.

கழுவிய பிறகு விரலில் ஒரு பாலிதீன் பையை மாட்டிக்கொண்டு பானெட்டைத் தடவிப் பாருங்கள். வெறும் கைக்கு வழுவழுப்பாகத் தெரிந்தது இப்போது உப்புத்தாள் மாதிரி நெருநெருக்கும். பிரேக்கிலிருந்து பறக்கும் இரும்புத் தூளும் கல்பொடியும் பெயிண்டில் பதிந்திருப்பதுதான் அது. அயர்ன் ரிமூவர் தெளித்தால் இரும்புத் தூள் ஊதா நிறத்தில் வடியும். மீதியை கிளே பார், அதாவது பிசைந்த களிமண் போன்ற கட்டி, எடுக்கும். கிளே பாரை ஷாம்புத் தண்ணீர் தெளித்துக்கொண்டு, அழுத்தாமல் நேர்க்கோட்டில் ஓட்டுங்கள். கீழே விழுந்த கிளே பாரை மறுபடி வண்டியில் வைக்காதீர்கள். ஒட்டிய மணல் ஒன்று போதும்.

கீறல் எடுக்க பாலிஷ் போடுவதானால் இந்தக் கட்டத்தில் போடுங்கள். அதன் பிறகு, பலர் விட்டுவிடும் ஒரு வேலை இருக்கிறது. பாலிஷில் உள்ள எண்ணெய் பெயிண்டின் மேல் நிற்கும். அதன் மேல் சீலன்ட் போட்டால் எண்ணெயைத்தான் பிடித்துக்கொள்ளும், பெயிண்டைப் பிடிக்காது. எண்ணெய் போகும்போது சீலன்ட்டும் கூடவே போய்விடும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்து, மைக்ரோஃபைபர் துணியில் தெளித்து ஒரு தடவை துடைத்து எடுங்கள். "நல்ல கம்பெனி வேக்ஸ்தான் போட்டேன், ரெண்டே மாசத்துல போச்சு" என்று வருகிற வண்டிகளில் நான் பார்க்கிற முதல் காரணம் இதுதான்.

இப்போது வேக்ஸ். சும்மா தொட்டு வைத்தாற்போல் எடுங்கள். தடிமனாகப் பூசினால் அதிக நாள் நிற்கும் என்பது தவறு. பெயிண்டைத் தொடுகிற மெல்லிய அடுக்குதான் பற்றி நிற்கும். மேலே உள்ளதெல்லாம் துடைக்கும்போது துணிக்குப் போகிற சரக்கு. திரவமானால் நடுத்தரக் கார் ஒன்றுக்கு 30 மில்லி தாராளம். பூசிய இடம் லேசாக மங்கலாகத் தெரிய வேண்டும், வெள்ளையாகத் தெரியக் கூடாது.

விரலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கோடு சுத்தமாக, பளிச்சென்று வந்தால் துடைக்கலாம். இழுபட்டு ஈஷினால் இன்னும் காய வேண்டும். 476எஸ் மட்டும் விதிவிலக்கு. அதை முழுக்கக் காயவிட்டால் எடுக்கத் தோள் வலி வந்துவிடும். ஒரு கதவளவு பூசி, சில நிமிடத்தில் துடைத்து, அடுத்த கதவுக்குப் போங்கள்.

முடிந்தால் மறுநாள் இரண்டாவது பூச்சு. முதல் பூச்சில் கை தவறிய இடங்களை அது மூடும். இரண்டுக்கு மேல் போடுவதால் பயன் இல்லை. கடைசிப் பூச்சுக்குப் பிறகு ஓர் இரவாவது தண்ணீர் படாமல் நிறுத்துங்கள்.

துடைக்கப் பனியன் வேஸ்ட் வேண்டவே வேண்டாம். தையலும் பட்டன் துண்டும் அதில் இருக்கும்.

சாரல் காலத்துல போடலாமா?

போடலாம், ஆனால் கூரை வேண்டும். காற்றில் ஈரம் அதிகமாக இருப்பதால் காய நேரம் ஆகும். விரல் சோதனையை நம்புங்கள், கடிகாரத்தை நம்பாதீர்கள். கதவு இடுக்கு, கண்ணாடி ரப்பர் ஆகியவற்றில் ஒளிந்திருக்கும் தண்ணீர் துடைக்கும்போது வடிந்து வந்து கோடு போடும். ப்ளோயர் வைத்து ஊதி எடுத்துவிட்டுத் தொடங்குங்கள். கூரை இல்லாதவர்கள் ஹைப்ரிட் ஸ்பிரேயில் சமாளித்துவிட்டு, வானம் வெளுத்ததும் பேஸ்ட் போடுவது நல்லது.

தண்ணி உருளுறது நின்னா வேக்ஸ் போச்சுன்னு அர்த்தமா?

உடனே அப்படி முடிவு கட்டாதீர்கள். சாலை அழுக்கும் டீசல் புகையும் வேக்ஸின் மேல் ஒரு படலமாகப் படிந்தாலும் தண்ணீர் உருளாது. நல்ல ஷாம்புவில் ஒரு தடவை கழுவிவிட்டுத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். மறுபடி உருண்டால் வேக்ஸ் உள்ளே இருக்கிறது. அப்போதும் தட்டையாகப் பரவினால் திரும்பப் போடும் நேரம்.

ரூஃப், பானெட்டில்தான் முதலில் போகும். கதவுகளில் அதற்கு வெகுநாள் பிறகும் இருக்கும். எனவே கதவைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

எந்த ஷாம்பு? பாத்திரம் வெளக்குறது போட்டா என்ன?

பாத்திரத்தில் ஒட்டிய எண்ணெயைப் பிரித்தெடுக்கச் செய்த சரக்கு அது. வேக்ஸும் அதற்கு ஒரு பிசுக்குதான். ஒரு தடவையில் முழுவதும் போகாது, ஆனால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொண்டுபோகும். பவுடரும் சவர்க்காரமும் இன்னும் மோசம். கார் ஷாம்பு, காரமும் அமிலமும் இல்லாத நடுநிலை வகை, போதும்.

வாட்டர் வாஷ் விடும்போது ஒன்றைக் கவனியுங்கள். அடிப்பாகத்துக்கு டீசல் அல்லது மண்ணெண்ணெய் அடிக்கும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அந்தத் துளி பக்கவாட்டுப் பெயிண்டில் பட்டால் வேக்ஸைக் கரைத்துவிடும். "அடியில் டீசல் வேண்டாம்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முடிவில் பளபளப்புக்காக எண்ணெய் தேய்த்த துணியால் ஒரு தடவு தடவுவார்கள், அதையும் வேண்டாம் என்று சொல்லுங்கள். அன்று சாயங்காலம் மின்னும், மறுநாள் புளியரைத் தூசி முழுவதும் அதில்தான் இருக்கும். தேங்காய் எண்ணெய்க்கும் இதே பதில்.

வெள்ளை வெள்ளையாத் தண்ணிக் கறை விழுது. வேக்ஸ் சரியில்லையா?

உங்கள் போர் தண்ணீரைப் பாருங்கள். வீட்டில் வெந்நீர் வைக்கும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதா? அதே சுண்ணாம்புதான் காரின் மேலும் படிகிறது. வேக்ஸ் போட்ட வண்டியில் தண்ணீர் துளியாக நிற்பதால், வெயிலில் காய்ந்தால் வட்ட வட்டமாகக் கறை இன்னும் தெளிவாகத் தெரியும். கழுவியதும் காயவிடாமல் துண்டால் ஒற்றி எடுங்கள். விழுந்த கறைக்கு, வெள்ளை வினிகரில் சம அளவு தண்ணீர் கலந்து துணியில் நனைத்து ஒரு நிமிடம் வைத்துக் கழுவுங்கள். அந்த இடத்தில் மட்டும் வேக்ஸ் மறுபடி போட்டுக்கொள்ளலாம்.

ஆயுத பூஜைக்கு வெச்ச சந்தனமும் குங்குமமும் கறையாயிடுச்சு.

வருடா வருடம் அக்டோபரில் என் ஷெட்டுக்கு வரும் வேலை இது. மாலை போட்டுச் சபரிமலை போகும் வண்டிகளால் தையிலும் வரும். மஞ்சளும் குங்குமச் சாயமும் வெள்ளை வண்டியில் ஆரஞ்சுத் தழும்பாக இறங்கிவிடும். நாள்கணக்கில் வெயிலில் காய்ந்தால் கிளியர் கோட்டுக்குள் ஊறும்.

பூஜையை யாரும் விட வேண்டாம். பூஜைக்கு ஒரு வாரம் முன்னால் சீலன்ட் போட்டுவிடுங்கள். செப்டம்பர் கடைசி என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். பொட்டைப் பெயிண்டில் வைக்காமல் நம்பர் பிளேட்டிலோ கண்ணாடியிலோ வைக்கலாம். எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தடியில் வைத்து ஏற்றிய பிறகு, சாறு தெறித்த இடத்தைக் கழுவிவிடுங்கள். மறுநாள் காலையில் பொட்டைத் தண்ணீர் ஊற்றி ஊறவைத்து எடுங்கள், சுரண்டாதீர்கள். பானெட்டின் மேல் கற்பூரம் ஏற்றுவது மட்டும் கூடாது. அந்தச் சூட்டை எந்த வேக்ஸும் தாங்காது.

பறவை எச்சம், மாம்பால், ரப்பர் தோட்டத்துல நிறுத்துறது?

எச்சத்தில் அமிலம் இருக்கிறது. வெயிலில் பெயிண்ட் இளகி விரியும்போது எச்சம் மேலே இறுகுகிறது. பெயிண்ட் ஆறிச் சுருங்கும்போது எச்சத்தின் அச்சு அதில் பதிந்துவிடுகிறது. வேக்ஸ் உங்களுக்குக் கொஞ்சம் நேரம் வாங்கித் தரும், அவ்வளவுதான். அன்றைக்கே எடுக்க வேண்டும். ஒரு புட்டித் தண்ணீரும் ஒரு மைக்ரோஃபைபர் துணியும் வண்டியில் எப்போதும் இருக்கட்டும். நனைத்த துணியை எச்சத்தின் மேல் இரண்டு நிமிடம் போட்டு வைத்துவிட்டு, அப்படியே தூக்கி எடுங்கள்.

தென்மலை, புனலூர் பக்கம் தோட்டங்களில் நிறுத்துகிறவர்களுக்கு மரப்பால், இலைக்கறை, பாசி மூன்றும் வரும். மாம்பாலுக்கு நீர் கலக்காத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் துணியை நனைத்து ஒற்றினால் இளகும். பிறகு அந்த இடத்தைக் கழுவி வேக்ஸ் தொட்டுவிடுங்கள். வைப்பர் அடியில், பானெட் ஓரத்துப் பள்ளத்தில் தங்கும் இலைகளை வாரம் ஒரு முறை எடுக்காவிட்டால் மேலே என்ன வேக்ஸ் போட்டும் பலன் இல்லை.

டெஃப்லான் கோட்டிங்னு சொல்லி வித்தாங்க. அது நல்லதா?

தோசைக்கல்லில் ஒட்டாத பூச்சாக இருப்பது பிடிஎஃப்இ. அது உருக 327 டிகிரி வேண்டும். கல்லின் மேல் அதைப் பிடிக்கவைக்க ஆலையில் அந்த அளவுக்குச் சூடு ஏற்றுகிறார்கள். காரை அப்படிச் சூடேற்ற முடியாது. எனவே "டெஃப்லான்" என்ற பெயரில் காருக்குப் போடுவது பெரும்பாலும் ஒரு பாலிஷ் அல்லது சீலன்ட்தான். சீலன்ட்டாக அது நன்றாகவே இருக்கலாம். சீலன்ட்டின் விலைக்கு மேல் கொடுக்காதீர்கள்.

9எச் செராமிக் போட்டா கீறவே கீறாதாமே?

கீறும். 9எச் என்பது பென்சிலின் கடினத்தை வைத்துச் செய்யும் சோதனையின் எண். சாலைக் கல் பென்சிலைவிடக் கடினம். செராமிக் போட்ட வண்டிக்கும் இரண்டு பக்கெட்டும் ஷாம்புவும் அதேபோல் வேண்டும். அதன் மேல் வேக்ஸ் தேவையில்லை. அந்தக் கம்பெனியே கொடுக்கும் ஸ்பிரே போதும்.

அப்பா காலத்து ஜீப், அம்பாசிடர். அதுக்கு?

இந்த வண்டிகளைக் கண்டால் எனக்குக் கூடுதல் பிரியம். பழைய பெயிண்டில் கிளியர் கோட் இருக்காது, நிறமே மேல்தோல். துணியால் தேய்த்தால் துணியில் நிறம் வரும், பயப்பட வேண்டாம். ஆனால் மிஷின் வைத்துத் தேய்க்கக் கூடாது. கையால், மென்மையான பாலிஷ் ஒரு தடவை. பிறகு கார்னாபா. இந்தப் பெயிண்டுக்கு எண்ணெய்ப் பசை பிடிக்கும். சீலன்ட்டைவிடக் கார்னாபாவில்தான் அந்தப் பழைய நிறம் உயிரோடு எழுந்து வரும். மாதம் ஒரு முறை போடச் சோம்பல் படாதீர்கள், தினமும் ஓடுகிற வண்டி இல்லையே.

புது வண்டிக்கு எப்ப போடலாம்?

ஷோரூமிலிருந்து வந்த அன்றே போடலாம். ஆலையில் பெயிண்டைச் சூளையில் வைத்து 140 டிகிரி அளவில் சுட்டுத்தான் அனுப்புகிறார்கள். இடித்துவிட்டு வெளியில் மறுபடி அடித்த பெயிண்ட் என்றால் பொறுங்கள். உள்ளே இருக்கும் கரைப்பான் வெளியேற 30 முதல் 90 நாள் ஆகும். அடித்தவரிடமே கேட்டுக்கொண்டு போடுங்கள். அதுவரை வெறும் தண்ணீரும் ஷாம்புவும்.

மேட் பெயிண்ட், கறுப்பு பிளாஸ்டிக், முன் கண்ணாடி?

மேட் பெயிண்டில் வேக்ஸ் கூடாது, திட்டுத் திட்டாகப் பளபளக்கும். கறுப்பு பம்பர் பிளாஸ்டிக்கில் பட்டால் வெள்ளைக் கறை நிற்கும், டேப் ஒட்டிவிட்டு வேலை செய்யுங்கள். முன் கண்ணாடியில் தடவாதீர்கள். இரவில் எதிர் லாரி வெளிச்சம் பட்டால் மலைப்பாதையில் கண் தெரியாது.

டப்பா எத்தனை வருஷம் வரும்? மீதியை எங்க வைக்க?

சொந்தக் கார் ஒன்றுக்கு வருடம் இரண்டு முறை என்றால் ஒரு பேஸ்ட் டப்பா சில வருடம் வரும். கரைப்பான் பறந்துபோய்ப் பாளம் பாளமாக வெடித்தால்தான் அதன் ஆயுள் முடிகிறது. மூடியை இறுக்கி, வீட்டுக்குள் நிழலான அலமாரியில் வையுங்கள். டிக்கியில் போட்டு வைக்காதீர்கள். வேக்ஸ் தொட்ட ஸ்பாஞ்சை ஒரு பாலிதீன் பையில் கட்டி டப்பாவோடு வைத்தால் அடுத்த தடவை பாதிச் சரக்கே போதும், ஸ்பாஞ்ச் குடிக்க வேண்டியதை ஏற்கனவே குடித்திருக்கும்.